மச்சில் ஒரு தீப்பெட்டி

கடைசியாக என் கணவர் ஐசக் என்னிடம் கேட்டது ஒரு தீப்பெட்டி.

"இந்த வயசுல பீடியா?" என்றேன்.

"மச்சுக்குத்தான், கனகம். கண்டுபிடிச்சிட்டேன்." உடம்பெல்லாம் சிமெண்ட் தூசி; குரலில் அப்படி ஒரு துள்ளல்.

ஓட்டுக்கூரைக்குக் கீழே இருக்கும் எங்கள் மச்சு பகலில் அடுப்பாகக் காயும். காலையில் உத்தரங்கள் வியர்த்து நிற்கும். ஓடு ஒழுகுகிறது, மரம் உளுத்துவிடும், கூரையைப் பிரித்து கான்கிரீட் போடுங்கள் என்றார் மேஸ்திரி. திங்கட்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு. இவர் மட்டும் வாரம் ஒரு தீப்பெட்டியை மச்சில் வைத்து, எடுத்து உரசிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் மருந்து நமுத்து உதிர்ந்தது.

"ஓடு ஒழுகலை. நம்ம சோத்துப்பானை ஆவிதான் போக வழியில்லாம அங்க நிக்குது."

மரநாய் நுழைகிறதென்று இருபக்கச் சுவரிலும் இருந்த காற்றுத் துவாரங்களைப் பூசி அடைத்தது நாங்களேதான். இரண்டையும் உடைத்துக் கம்பிவலை அடித்திருந்தார். என்னையும் ஏணியில் ஏற்றி, "கையை நீட்டு" என்றார். விரல்களுக்கிடையே காற்று ஓடியது. புதுத் தீப்பெட்டியை உத்தரத்தின் மேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நீதான் உரசணும்."

சனிக்கிழமை அவர் இதயம் நின்றுவிட்டது.

திங்களன்று வந்த மேஸ்திரி, துக்க வீடென்று தெரிந்து வாசலிலேயே நின்றார். நான் மச்சிலேறித் தீப்பெட்டியை எடுத்து வந்து, அவர் முன்னால் ஒரு குச்சியை உரசினேன். சீறிப் பற்றியது.

"கூரையில கை வைக்க வேண்டாம்" என்றேன்.

நாலு மழைக்காலம் போயிற்று. மச்சிலிருக்கும் தீப்பெட்டியில் குச்சி இன்றும் முதல் உரசலிலேயே பற்றுகிறது.