பத்து நாள் அதிபர்

பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நின்று அவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் கணவனின் அண்ணனுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

"அழாதம்மா. வீடுதான் உன் பேருக்கு வந்துடுச்சே. அந்தத் தாளு தம்பி ஞாபகமா என்கிட்ட இருக்கட்டும்."

என்ன பாசம்! தம்பி செத்த ஈரம் காயுமுன் இதே வீட்டிலிருந்து அவளையும் கைக்குழந்தையையும் தெருவில் தள்ளியவர் இவர்தான். இன்று அதே வீட்டை எழுதிக் கொடுத்தால்தான் தாளைத் தருவேன் என்று அவள் அடம்பிடிக்க, இவரும் கொடுத்துவிட்டார்.

தாள் என்றால் நோட்டு. புதிதாக விடுதலை பெற்ற ஓர் ஆப்பிரிக்க நாடு அச்சிட்ட முதல் நோட்டு. அதில் சிரிக்கும் அதிபரைப் பத்தாம் நாளே கவிழ்த்து, அவர் முகம் போட்ட நோட்டுகளையும் கொளுத்திவிட்டார்கள். அங்கே வங்கியில் காசாளராக இருந்த தம்பி எப்படியோ கொண்டுவந்திருக்கிறான்.

அண்ணன் உறுப்பினராக உள்ள நோட்டு சேகரிப்போர் சங்கத்தில் எவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. நாலு வீட்டு விலைக்குக் கேட்டு இன்னோர் உறுப்பினர் காத்திருக்கிறார்.

அண்ணன் லென்ஸை வைத்து மறுபடி பார்த்தார். மடிப்பில்லை, கறையில்லை. இடது ஓரத்தில் மட்டும் பொடிசாக இரண்டு துளை. நிலவுக்கே களங்கம் உண்டே என்று உறையில் போட்டுக்கொண்டார்.

கையெழுத்துதான் ஆகிவிட்டதே, இனி வாயை ஏன் கட்ட வேண்டும்?

"இதோட விலை நாலு வீடும்மா! என் தம்பியும் ஏமாளி, நீயும் ஏமாளி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு தாளுக்கா மாமா அவ்ளோ விலை?"

"உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு. இன்னும் நாலு கெடைச்சுதுன்னா, பொட்டலம் மடிக்கத்தான் ஆகும்."

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே வங்கி முத்திரையோடு ஒரு முழு நோட்டுக் கட்டு. இடது ஓரத்தில் இரண்டு கம்பி பின். மேலே அதே அதிபர், அதே சிரிப்பு.

அவர் எட்டிக் கட்டைப் பிடிக்கப் பார்த்தார். "இந்தா... இதுக்கு என்ன வேணும் உனக்கு? கேளு, தர்றேன்!"

"ஒண்ணும் வேணாம். சாயங்காலம் உங்க சங்கத்துல ஆளுக்கொண்ணு சும்மாவே குடுக்கப்போறேன், மாமா."