மேடு ஏறாத கார்

காலையில் பல் துலக்கினேன். காபி போட்டுக் குடித்தேன். பட்டறையைத் திறந்தேன். மிராசுதார் மணவாளன் தன் சின்னக் காரை எடுத்துப்போக வந்திருந்தார்.

“இன்னாபா, வில்லியனூர் ஆத்து மேட்டுல இனிமே இழுக்குமா? வேகம் கொறைஞ்சா நின்னுடுது. நின்னா ஏறவே மாட்டேங்குது.”

“என்ஜின் ஹெட்ட இழைச்சிருக்கேன் ஐயா. மெதுவாப் போனாலும் இழுக்கும்.”

அந்த மேட்டில்தான் போன மாசியில் இந்தக் கார் என் மனைவி தனக்கொடி மேல் ஏறியது. ‘என் தப்புதான், நான்தான் குறுக்கே வந்தேன்’ என்று சொல்லிவிட்டுச் செத்தாள் என மணவாளன் கோர்ட்டில் சொன்னார். அவரை விட்டுவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை.

அவர் காரை அவரேதான் கிளப்புவார். காரின் முன்னால் குனிந்து, என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியைப் பிடித்தார். நான் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தேன். அங்குள்ள, தீப்பொறியைத் தாமதப்படுத்தும் லீவரை இறக்காமல் சுற்றினால் கைப்பிடி திருப்பி அடிக்கும். ஹெட்டை இழைத்து அழுத்தம் கூட்டிய என்ஜின் இன்னும் மூர்க்கமாக அடிக்கும்.

“லீவர எறக்கிட்டியாடா?”

“எறக்கிட்டேன் ஐயா.”

கைப்பிடி அவர் மணிக்கட்டை முறித்தது. கழன்று எகிறி நெற்றியைப் பிளந்தது. ரத்தம் ரேடியேட்டரில் தெறித்தது. ஒரு வார்த்தை பேசாமல் செத்தார்.

போலீஸ் கொமிசேர் வந்து விசாரித்தார்.

“‘என் தப்புதான், லீவர மறந்துட்டேன்’னு சொல்லிட்டுச் செத்தாருங்க” என்றேன். நம்பினார்.

தனக்கொடி என் மடியில் கடைசியாகச் சொன்னது வேறு.

“என்னப் பாத்தான். ‘நின்னா ஏறாதுடி, வழி வுடு’ன்னு கத்திக்கினே ஏத்துனான்.”