திருப்பி எறியாத பந்து

ஐம்பதாவது திருமண நாளைச் சிகாகோவின் அந்தப் பழைய பேஸ்பால் மைதானத்தில்தான் கொண்டாட வேண்டும் என்று மார்லீன் பிடிவாதமாக இருந்தாள். கல்யாணத்துக்கு வால்டர் அவளிடம் சம்மதம் கேட்டதே அங்கேதான்.

இருவரின் பெயரையும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிக் கை தட்டினார்கள். மார்லீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழாவது இன்னிங்ஸில் எதிரணியான செயின்ட் லூயிஸின் ஆட்டக்காரன் ஓங்கி அடித்தான். பந்து சுவரைத் தாண்டி வந்து வால்டரின் மடியில் விழுந்தது.

எதிரணி அடித்த பந்தை இங்கே யாரும் வைத்துக்கொள்வதில்லை. உடனே மைதானத்துக்குள் திருப்பி எறிந்துவிட வேண்டும்.

“எறி! எறி!” என்று கூட்டம் கத்தியது.

வால்டர் பந்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார்.

“யோவ் கிழவா, எறிஞ்சு தொலை! தலையில பீரை ஊத்திடப் போறானுங்க!” என்றாள் மார்லீன்.

“முடியல மார்லீன். நம்ம ஆளு அடிச்சது.”

“எது, நம்ம ஆளா?”

“சின்ன வயசுலேருந்தே நான் செயின்ட் லூயிஸ் கட்சி. சொல்லியிருந்தா, சிகாகோ வெறியர் உங்கப்பா பொண்ணு குடுத்திருப்பாரா?”

“அப்பா போயி முப்பது வருஷம் ஆச்சேடா பாவி!”

“அப்புறம் உன்னை நினைச்சு பயம்.”

மார்லீன் அவரை விட்டு ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். பிறகு சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“அவனுங்ககிட்ட நாம தோத்தப்பல்லாம் என் தோள்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டு அப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுதியே... அது?”

வால்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அழல மார்லீன். சிரிச்சேன்.”