நாலு நிமிஷம்

கேமராவுக்குக் கீழே நின்ற ஃப்ளோர் மேனேஜர் இரண்டு கைகளையும் ரப்பரை இழுப்பதுபோல விரித்துக் காட்டினார். நேரடி ஒளிபரப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிறுத்தாதே, இழு.

காமெடியனுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. சனிக்கிழமை சாயங்கால நிகழ்ச்சியில் பதினோரு வருஷமாக அவருக்குக் கிடைத்தது நாலே நிமிஷம். ஸ்டூடியோவில் அவர் பேரே ‘நாலு நிமிஷம்’ என்றாகிவிட்டது. ஒரு நொடி கூடினாலும் இதே மனிதர்தான் கழுத்தை அறுப்பதுபோல விரலை இழுத்துக் காட்டுவார்.

அதுவும் இன்றைக்கு. மூன்று வாரமாகச் சிரிப்பே வரவில்லை என்று தயாரிப்பாளர் அவரைத் தூக்கிவிட முடிவு செய்திருந்தார். மனைவிதான் போய் மன்றாடி இந்த ஒரு வாரத்தை வாங்கித் தந்தாள். அதே நிகழ்ச்சியில் மேஜிக்காரரின் உதவியாளர் அவள். பெட்டிக்குள் போய் மாயமாகிறவள். வீட்டில் மட்டும் ஒரு நாளும் மாயமாக மாட்டேன் என்கிறாள் என்பது அவருடைய பழைய ஜோக்.

“இன்னிக்கும் யாரும் சிரிக்கலன்னா அடுத்த வாரம் நீ வர வேண்டாம்” என்று தயாரிப்பாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

அடுத்த ஐட்டம் மேஜிக். அந்த மனுஷன் வழக்கம்போல லேட், இன்றைக்கு நம் காட்டில் மழை என்று நினைத்துக்கொண்டார் காமெடியன். பல் டாக்டர் ஜோக்கை எடுத்தார், வாடகை வீட்டுக்காரர் ஜோக்கை எடுத்தார். முதல் வரிசை சிரித்தது, பிறகு கடைசி வரிசையும் சிரித்தது.

ஃப்ளோர் மேனேஜர் மறுபடி இழுக்கச் சொன்னார். மேடை ஓரத்தில் இருந்த வாத்தியக்காரர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, இவருக்குப் பின்னால் இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றெரிச்சல், வேறென்ன என்று விட்டுவிட்டார்.

திரைக்கு அந்தப் பக்கம் டங் டங்கென்று சத்தம். சபை சலசலத்தது. விடுவாரா?

“பயப்படாதீங்க, என் பொண்டாட்டிதான். போதும், வீட்டுக்கு வாங்கன்னு தட்டுறா.”

அரங்கம் அதிர்ந்தது. அதன் பிறகு சத்தம் வந்தபோதெல்லாம் திரும்பி, “வர்றேம்மா, வர்றேன்” என்றார். ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவர் கேட்டதில்லை. சத்தம் சட்டென்று நின்றபோது அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இருபத்து மூன்று நிமிஷம். நிகழ்ச்சி நேரமே முடிந்து கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முதலில் அவளிடம் சொல்ல வேண்டும் என்று திரையை விலக்கிக்கொண்டு ஓடினார். தயாரிப்பாளர் வழியில் நின்றிருந்தார். “அடுத்த வாரம் வரலாம் இல்ல, சார்?” என்று சிரித்தார் காமெடியன். தயாரிப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னாலேயே ஓடிவந்த ஃப்ளோர் மேனேஜர் காமெடியனின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“பூட்டு சிக்கிக்கிச்சு, அண்ணே. பெட்டியை உடைக்கிறதுக்குள்ள அண்ணி போயிட்டாங்க.”