மடித்து வைத்த பக்கம்

ஆறு மணிக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு மாடிப்படிக்கு அடியில் குனிந்து அந்தப் புத்தகத்தைத் திறந்தான். நேற்று 388ஆம் பக்கத்தில் இருந்த மடிப்பு இன்று 394இல் இருந்தது. வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை.

செருப்பும் உடைந்த நாற்காலியும் அடைந்து கிடந்த மூலை அது. "இங்க உக்காந்து படிக்க நாலு பலகை அடிச்சுக் குடுங்க, போதும்" என்று மனைவி மூன்று வருடம் கேட்டாள். அவள் இறந்த பிறகுதான் அடித்தான். உட்காரும் பலகையை அவள் உயரத்துக்கே அளந்துவிட்டான். வேறு யார் உட்கார்ந்தாலும் தலை இடிக்கும். அவள் பாதியில் விட்ட புத்தகத்தை, முனை மடித்தபடியே, அங்கே வைத்தான். மறுநாளே மடிப்பு ஆறு பக்கம் தள்ளியிருந்தது.

போன ஞாயிறு மச்சினன் வந்தான்.

"நீங்களா படிக்கிறீங்க மாமா? பற்பசை டப்பாவக்கூட முழுசாப் படிக்க மாட்டீங்கன்னு அக்கா சொல்லுவா!" சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவன் நெற்றியில் இடித்துக்கொண்டான். "ஸ்ஸ்... முடிச்சதும் எனக்குக் குடுங்க."

"முடியட்டும்" என்றான்.

புத்தகம் மொத்தம் 400 பக்கம். இன்னும் ஒரு நாள். அதன் பிறகு அவளுக்கு இங்கே வர என்ன வேலை? இந்த மடிப்பைப் பிரித்துவிட்டு முதல் பக்கத்தை மடித்து வைத்தால், அவள் மறுபடி தொடங்கக்கூடும். மடிப்பின் மேல் விரலை வைத்தான். காகிதம் வெதுவெதுப்பாக இருந்தது.

விரலை எடுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"பக்கத்த மடிச்சு வச்சிருக்கேன், பிரிச்சிடாதீங்க. வந்து முடிச்சிடுறேன்."