தொய்வு

“இல்ல லாவண்யா. அமுங்கல. இன்னிக்கும் அப்படியேதான் இருக்குது.”

சந்திரமோகன் கிடாரைச் சுவரோரம் சாய்த்தான். அவன் மனைவி லாவண்யா ஹெட்போனைக் கழற்றி லேப்டாப் மேல் வைத்தாள். அவள் மாற்றிக் கொடுத்து அவன் வாசித்துப் பார்ப்பது இது முப்பத்தோராவது தடவை.

“காலைலேர்ந்து பின்னாடி தறிச் சத்தம், முன்னாடி நீங்க. பேஜாரா இருக்குதுங்க. என்ன குறைன்னு தெளிவா சொன்னாத்தான நான் மாத்த முடியும்?”

“நம்ம வால்வு ஆம்ப் எப்படி இருந்துச்சு? கம்பிய ஓங்கி அடிச்சா சத்தம் கொஞ்சம் பம்மும். அப்புறம் மெதுவா பொங்கி வரும். இதுல அது இல்ல.”

கிடார் ஒலியைப் பெருக்கித் தரும் அந்தப் பழைய ஆம்ப், பொங்கல் முடிந்த வாரமே புகைந்து அடங்கிவிட்டது. நல்லவேளை, அதற்கு முன்பே அவனை வாசிக்கச் சொல்லி, கிடாரிலிருந்து நேராக வந்த ஒலியையும் ஆம்ப் வழியாக வந்த ஒலியையும் லாவண்யா தனித்தனியே பதிவு செய்து வைத்திருந்தாள். பழைய ஆம்ப்களின் ஓசையைக் கையடக்கப் பெட்டிக்குள் புரோகிராமாக எழுதுவதுதான் அவள் வேலை. பெங்களூர் கம்பெனிக்காக ஆரணியிலிருந்தே செய்கிறாள். ஓங்கி மீட்டினால் ஆம்ப்பின் கண்ணாடி வால்வுகளுக்குப் போகும் மின்சாரம் ஒரு கணம் தொய்யும். சத்தமும் கூடவே அமுங்கும். எவ்வளவு தொய்ய வேண்டும், எத்தனை மில்லி செகண்டில் மீள வேண்டும் என்று மூன்று மாதமாக மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கிறாள்.

சந்திரமோகனின் போன் அடித்தது. ஆர்க்கெஸ்ட்ரா நடத்தும் வேணுகோபால்.

“இல்லண்ணா, பெட்டி இன்னும் சரியாவல. பெரணமல்லூர் ரிசப்ஷனுக்கு வேற ஆளைப் பாருங்க.”

அவன் இப்படி விடுவது நாலாவது கச்சேரி. தன்னால்தானே இவர் மேடை ஏறாமல் கிடக்கிறார் என்று லாவண்யா நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை கம்பெனிக்கு வேறு அனுப்பியாக வேண்டும்.

அவன் டீ போட உள்ளே போனான். அவளுக்கு இனி எழுதத் தெம்பில்லை. இத்தனை நாளும் அவன் காதையே நம்பியிருந்தவள், அன்று பதிவு செய்த கிடார் ஒலியை எடுத்து, சும்மா பெட்டி வழியாக ஓடவிட்டாள். பக்கத்திலேயே நிஜ ஆம்ப்பின் பதிவையும் போட்டுப் பார்த்தாள். அதே பம்மல். அதே பொங்கல். எது எதுவென்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“ஏங்க, வந்து கேளுங்க.”

டீ டம்ளரை இடது கையில் பிடித்தபடி வந்து நின்று கேட்டான். முகத்தில் சந்தோஷமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

“அன்னிக்கி நீங்க வாசிச்சதுதான். பெட்டி வழியா விட்டா அப்படியே அமுங்குது பாருங்க. இன்னிக்கி நீங்க வாசிச்சா மட்டும் ஏன்…”

அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

சந்திரமோகன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“பெட்டி எப்பவோ சரியாயிடுச்சு, லாவண்யா. ஓங்கி அடிக்க மூணு மாசமா என் வலது கையிலதான் பலம் இல்ல. பெட்டி மேலயே பழி போட்டுகினு இருந்தா, கைய யாரும் பாக்க மாட்டாங்கன்னு இருந்துட்டேன்.”