சாக்கெட்டில் எதுவும் இல்லை

காலையில் ஆறரைக்கு எழுகிறேன். குளித்துவிட்டு ஒரு சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். ஏழேகாலுக்குக் கார் சாவியைத் திருப்புகிறேன். கார் ஸ்டார்ட் ஆவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் கார் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிடுகிறார்.

மனைவி இறந்த இந்த மூன்று மாதங்களாக இப்படித்தான். அவள் ஓட்டிய கார் இது. புது பேட்டரி வைத்தேன். போதாதென்று அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் பெரிதாகப் போட்டேன்.

"ஓட்டைப் பானைக்குப் பெரிய குழாய் வச்சிருக்கீங்க சார்," என்றார் கார் எலக்ட்ரீஷியன். "வண்டி ஓடும்போது அது நல்லாத்தான் நிரப்புது. நிறுத்தினப்புறம் ஏதோ ஒண்ணு கரன்ட்டைக் குடிக்குது."

எஞ்சினை அணைத்து மீட்டர் வைத்தார். இரண்டு ஆம்பியர் காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். போன் சார்ஜ் போடும் சாக்கெட்டின் ஃபியூஸ் வந்ததும் முள் பூஜ்யத்தில் விழுந்தது. சாக்கெட்டில் எதுவும் செருகியிருக்கவில்லை. வேறு சாக்கெட் மாட்டினார். மறுபடியும் இரண்டு ஆம்பியர்.

"இப்படி நான் பார்த்ததே இல்ல சார். இந்த ஃபியூஸைப் பிடுங்கிப் போட்டுடறேன். தொல்லை விட்டுது."

"வேண்டாம். இருக்கட்டும்."

"அப்போ தினமும் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தைக் கெடுக்கப்போறீங்க."

"அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்."

ஃபியூஸைத் திரும்பச் செருகினார். நான் இப்போதெல்லாம் என் போனை சைலன்ட்டில் வைப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு முன், அந்தக் கடைசி மாலை, அவள் தன் அலுவலக வாசலிலிருந்து என்னை அழைத்தாள். சாலைக்கு எதிர்ப்புறம்தான் கார் நின்றிருந்தது. கார்வரை அவள் போய்ச் சேரவில்லை. நடுவில் லாரி வந்தது.

"சார்ஜ் சுத்தமா தீர்ந்துபோச்சுப்பா," என்றிருந்தாள் போனில். "கார்ல போட்டுட்டு கூப்பிடறேன்."